ரயில் படிக்கட்டில் ஒரு பெண்: டச்சிங் அக்கா பதில்கள்

பழைய படங்கள் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் முப்பது வருடம் டச்சிங் வேலை (நெகட்டிவிலும் படத்திலும் கையால் திருத்தும் வேலை) பார்த்த அக்கா பதில் எழுதுகிறார்.

கேள்வி: அக்கா, மகளிர் தினத்துக்கு எங்கள் கல்லூரியில் ஒட்டியிருந்த படங்களில் ஒன்று மனதில் நின்றுவிட்டது. ரயில் பெட்டிப் படியில் ஒரு பெண், இரண்டு பக்கக் கம்பியையும் பிடித்தபடி வெளியே எட்டிப் பார்க்கிறாள். 'மெக்சிகோ புரட்சி வீராங்கனை அதெலிதா' என்று கீழே போட்டிருந்தார்கள். யார் அவள்?
(கல்லூரி மாணவி, திருமங்கலம்)

பதில்: அவள் பேர் அதெலிதா இல்லை, தாயி. அது சிப்பாய்கள் பாடிய ஒரு பாட்டில் வரும் பெண்ணின் பேர். பாட்டு பரவியதும், படையோடு போன பெண்கள் எல்லோருக்குமே அந்தப் பேர் ஒட்டிக்கொண்டது. படியில் நிற்பவளின் சொந்தப் பேரை எழுதி வைக்க அன்றைக்கு யாருக்கும் தோன்றவில்லை.

'புரட்சி வீராங்கனை' என்று போட்டதிலும் வில்லங்கம் இருக்கிறது. மெக்சிகோவில் முப்பது வருடத்துக்கு மேல் நாட்டைக் கைக்குள் வைத்திருந்த பொர்ஃபீரியோ தியாஸை எதிர்த்து 1910 நவம்பரில் கிளர்ச்சி தொடங்கியது. மறுவருடம் அவர் கப்பலேறிப் போய்விட்டார். பிரான்சிஸ்கோ மதேரோ ஜனாதிபதி ஆனார். ஆறு மாதம்கூட ஆகவில்லை, கூட இருந்து சண்டை போட்ட ஒரோஸ்கோவே வடக்கில் அவருக்கு எதிராகத் துப்பாக்கியைத் தூக்கினார். அவரை அடக்க அரசாங்கப் படை ரயிலேறியது. நீ பார்த்த படம் அந்தச் சமயத்தில் மெக்சிகோ நகரத்து பூவெனாவிஸ்தா ஸ்டேஷனில் எடுத்தது, 1912 ஏப்ரலில் ஒரு பத்திரிகையில் வந்தது என்று தேடிக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அப்படியானால் அவள் போனது அரசாங்கத்தின் ரயிலில். கிளர்ச்சிக்காரர்களை அடக்கப் போன படையின் அடுப்பு அவள் கையில் இருந்திருக்கலாம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். உங்கள் சுவரில் இருப்பது முழுப் படம் இல்லை. முழுப் பிளேட்டில், அதாவது அந்தக் காலத்துக் கண்ணாடி நெகட்டிவில், அந்தப் பெட்டி வாசலில் வேறு பெண்களும் இருக்கிறார்கள். கூட்டமாக, கொஞ்சம் குழப்பமாக இருக்கும். ஒருத்தியை மட்டும் விட்டுவிட்டு மிச்சத்தை வெட்டியதும் அவள் முகத்தில் ஒரு வேகம் வந்துவிடுகிறது. நாட்டையே முன்னால் இழுத்துக்கொண்டு போகிற மாதிரி. முழுப் படத்தில் பார்த்தால், ரயில் கிளம்பும் நேரத்தில் யாரையோ தேடும் பெண் மாதிரியும் இருக்கிறாள். மதுரை ஜங்ஷனில் தண்ணி பிடிக்க இறங்கிய புருஷன் இன்னும் ஏறவில்லை என்றால் நாமும் அப்படித்தானே எட்டிப் பார்ப்போம்?

வெட்டியவரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் செய்ததும் அந்த வேலைதான். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

கேள்வி: அந்தப் படங்கள் எல்லாவற்றிலும் 'கசசோலா' என்று வெள்ளை எழுத்தில் இருக்கிறதே, அது எடுத்தவர் பேரா, ஊர் பேரா?
(ஒரு வாசகர், வாடிப்பட்டி)

பதில்: ஆள் பேர்தான். அகுஸ்தீன் விக்தோர் கசசோலா, 1874ல் பிறந்து 1938ல் இறந்தவர். பத்திரிகை நிருபராக இருந்து கேமராவுக்கு வந்தவர். பத்திரிகைகளுக்குப் படம் கொடுக்கும் ஏஜென்சி ஒன்றை நடத்தினார். தான் எடுத்தது, கூலிக்கு ஆள் வைத்து எடுத்தது, மற்றவர்களிடம் வாங்கியது என்று எல்லாவற்றையும் சேர்த்து வைத்தார். அந்தக் குவியலில் நானூற்றுக்கும் மேற்பட்ட போட்டோகிராபர்களின் படங்கள் இருப்பதாகப் பிற்பாடு எண்ணிச் சொன்னார்கள். வெளியே போன படங்களில் பெரும்பாலும் இவர் பேர்தான். சில பிளேட்டுகளில் எடுத்தவரின் கையெழுத்தைச் சுரண்டிவிட்டே இவர் பேர் ஏறியிருக்கிறது. ரயில் படிப் பெண்ணை எடுத்தவர் ஹெரோனிமோ எர்னாந்தெஸ் என்பவர் என்பது ஏறக்குறைய நூறு வருடம் கழித்துத்தான் வெளியே வந்தது.

அந்த வெள்ளை எழுத்து எப்படி வருகிறது தெரியுமா, அண்ணே? நெகட்டிவில் கறுப்பு மசியால் எழுதினால் பிரிண்டில் வெள்ளையாக விழும். மருந்து பூசிய பக்கத்தில் எழுதுவதாக இருந்தால் கண்ணாடியில் தெரிகிற மாதிரி திருப்பி எழுத வேண்டும். எங்கள் ஸ்டுடியோவில் கல்யாணப் படங்களுக்கு நான் அப்படி ஸ்டுடியோ பேரை ஆயிரம் தடவையாவது எழுதியிருப்பேன். படம் எடுத்த தம்பி பேரை ஒரு தடவைகூட எழுதச் சொல்லி யாரும் கேட்டதில்லை. ஆகவே கசசோலா ஏதோ பெரிய அநியாயம் செய்தார் என்று நான் குதிக்க மாட்டேன். தொழில் அப்படி. அவர் சேர்த்து வைக்காமல் இருந்திருந்தால் பாதி படம் குப்பைக்குப் போயிருக்கும் என்பதும் நிஜம். 1976ல் மெக்சிகோ அரசாங்கமே அந்தச் சேகரிப்பை வாங்கி, பச்சூக்கா என்ற ஊரில் ஒரு பழைய துறவிகள் மடத்தில் வைத்துப் பாதுகாக்கிறது. இலட்சக்கணக்கில் நெகட்டிவ்கள்.

கேள்வி: படையோடு போன அந்தப் பெண்கள் சண்டை போட்டார்களா, சமையல் செய்தார்களா? என் பேத்தி வீராங்கனை என்கிறாள். என் மகன் 'சும்மா பின்னாடி போனவங்க' என்கிறான். வீட்டில் ஒரே தகராறு.
(ஓய்வுபெற்ற ஆசிரியை, மேலூர்)

பதில்: டீச்சர், உங்கள் மகனிடம் அந்த 'சும்மா'வை மட்டும் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

அங்கே அவர்களை சொல்தாதெரா என்பார்கள். 'சொல்தாதா' என்றால் சிப்பாயின் சம்பளம். அந்தச் சம்பளத்தை வாங்கி, சாமான் வாங்கி, ஆக்கிப் போடுகிறவள் சொல்தாதெரா. அந்தக் காலத்து மெக்சிகோ படையில் சிப்பாய்க்குச் சோறு போடச் சரியான ஏற்பாடே கிடையாது. கையில் காசைக் கொடுத்துவிடுவார்கள். அதைச் சாப்பாடாக மாற்றுவது அவனோடு வந்த பெண்ணின் பாடு. மனைவி, அம்மா, தங்கை, வழியில் சேர்ந்துகொண்டவள், பிடித்துக்கொண்டு வரப்பட்டவள் எல்லோரும் அதில் உண்டு.

அந்தச் சாப்பாட்டைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, ஊறவிட்டு, கழுவி, கல்லில் அரைத்து, தட்டி, சுட வேண்டும். அந்தக் கல்லை அவர்கள் மெத்தாத்தே என்பார்கள். நம் அம்மிதான், கொஞ்சம் சரிவாக, மூன்று கால் வைத்தது. ஒரு படத்தில் அதைப் பார்த்துவிட்டு ரொம்ப நேரம் பக்கத்தைத் திருப்பவில்லை நான். நாங்கள் ஆரப்பாளையத்திலிருந்து செல்லூருக்கு வீடு மாற்றியபோது அம்மி வேண்டாம், கனம் என்று விட்டுவிட்டு வந்தோம். ஆற்றைத் தாண்டினால் செல்லூர். அவர்கள் அம்மியைத் தூக்கிக்கொண்டு யுத்தத்துக்குப் போயிருக்கிறார்கள்.

போனது எப்படி? பெட்டிக்குள்ளே குதிரைகள். மனிதர்கள் கூரை மேலே. குதிரைக்கு இருந்த மரியாதை அது. கூரையிலேயே பிள்ளைகள், மூட்டை, கோழி, அடுப்பு. ரயில் இல்லாத இடத்தில் நடை. படை வந்து சேருவதற்கு முன்னால் போய் விறகு, தண்ணீர் தேடி அடுப்பு மூட்ட வேண்டும். சண்டை முடிந்ததும் அடிபட்டவர்களைத் தூக்குவது, செத்தவன் பையிலிருந்து தோட்டா எடுத்து வருவது எல்லாம் அவர்கள் வேலை.

எத்தனை பேர் என்று கேட்பீர்கள். ஒரே ஒரு இடத்தில் சுத்தமான கணக்கு இருக்கிறது. 1914 ஜனவரியில் ஒஹினாகா என்ற எல்லை ஊரை வடக்குக் கிளர்ச்சித் தலைவர் பாஞ்சோ வில்லா பிடித்தார். தோற்ற அரசாங்கப் படை ஆற்றைத் தாண்டி அமெரிக்காவுக்குள் ஓடியது. அமெரிக்க ராணுவம் அவர்களை நாலு நாள் நடக்கவைத்து, அப்புறம் ரயிலேற்றி, எல் பாஸோ ஊரில் முள்கம்பி வேலிக்குள் அடைத்தது. சோறு போட வேண்டுமே, அதனால் தலையை எண்ணினார்கள். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்கள், 1,256 பெண்கள், 554 பிள்ளைகள். மூன்று சிப்பாய்க்கு ஒரு பெண் என்ற கணக்கைத் தொடுகிறது. மெக்சிகோ படை எந்த ஏட்டில் இந்த 1,256 பேரை எழுதி வைத்திருந்தது? அந்நியன் வேலிக்குள் போன பிறகுதான் அவர்கள் எண்ணில் வந்தார்கள்.

பேத்தியும் முழுக்கத் தப்பு இல்லை. துப்பாக்கி ஏந்தியவர்களும் இருந்தார்கள். பெத்ரா எரேரா என்பவர் 'பெத்ரோ' என்று ஆண் பேர் வைத்துக்கொண்டு, ஆண் வேஷத்தில் வில்லா படையில் இருந்தார். 1914ல் தொர்ரேயோன் நகரைப் பிடித்தபோது நானூறு பெண்களோடு அவர் நின்றார் என்று அதே படையில் இருந்த ஒருவர் பிற்காலத்தில் சொன்னார். வெற்றிக் கணக்கு எழுதும்போது அவர் பேர் ஏறவில்லை. அவர் தனியாகப் பிரிந்து பெண்களைச் சேர்த்துப் படை வைத்தார்.

வில்லா என்றால் போஸ்டரில் பெரிய மீசை, பெரிய தொப்பி, ஏழைப் பங்காளன். 1916 டிசம்பரில் கமார்கோ ஊரில் எதிர்ப்படையோடு இருந்த சொல்தாதெராக்கள் அவர் கையில் சிக்கினார்கள். அவர் உத்தரவில் எண்பது தொண்ணூறு பெண்களைச் சுட்டுக் கொன்றார்கள். இதைப் பேத்தியிடம் சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் விருப்பம். நானாக இருந்தால் சொல்வேன்.

எல்லாம் அடங்கிய பிறகு, 1920களில், ராணுவத்தை ஒழுங்குபடுத்துகிறோம் என்று போர் அமைச்சர் ஹோவாக்கின் அமாரோ இந்தப் பெண்களைப் பாசறைக்குள் வரக்கூடாது என்று தள்ளிவைத்தார். அவர் சொன்ன காரணம் ஒழுக்கக் கேடு, நோய். அதுவரைக்கும் இவர்கள் சுட்ட ரொட்டியில் யாருக்கும் நோய் தெரியவில்லை போலிருக்கிறது.

கேள்வி: புரட்சி என்கிறார்கள், படங்களில் சண்டையையே காணோமே? எல்லாம் ஸ்டேஷன், ரயில், வரிசையாக நிற்கும் ஆட்கள்.
(செல்போன் கடைக்காரர், உசிலம்பட்டி)

பதில்: தம்பி, உங்கள் கடையில் விற்கும் போன் பட்டனைத் தொடுவதற்குள் பத்துப் படம் எடுத்துவிடும். அன்றைக்கு ஒரு கண்ணாடி பிளேட்டுக்கு ஒரு படம். எடுத்ததும் பிளேட்டை மாற்ற வேண்டும். பெட்டி நிறையக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு குண்டு பாயும் இடத்துக்கு யார் ஓடுவார்கள்? ஸ்டேஷனில் வெளிச்சம் உண்டு, ரயில் நிற்கும், ஆட்களும் நிற்பார்கள். படத்தை அன்றைக்கே பத்திரிகை ஆபீஸில் சேர்க்கலாம். அதனால் படையோடு போகும் பெண் என்றாலே ரயிலும் கூடவே வந்துவிடுகிறது. தெற்கே இன்னொரு கிளர்ச்சித் தலைவரான சபாத்தாவின் ஆட்களோடு மலையில் நடந்த பெண்களுக்கு அந்த அளவு படம் இல்லை.

வியாபாரமும் உண்டு. எல் பாஸோவில் வால்டர் ஹார்ன் என்பவர் புரட்சிப் படங்களைத் தபால் அட்டையாகப் போட்டு நல்ல காசு பார்த்தார். 1914ல் வில்லாவே ஒரு அமெரிக்க சினிமாக் கம்பெனியோடு ஒப்பந்தம் போட்டுக்கொண்டு சண்டையைப் படம் எடுக்க விட்டார். ரீல்ஸ் போடுகிறவர்களை மட்டும் நாம் குறை சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

கேள்வி: மெக்சிகோ எதற்கு? நம் வேலுநாச்சியார் படையில் பெண்கள் இல்லையா? அவர்கள் படத்தைப் பற்றி எழுதுங்கள்.
(வாசகர், சிவகங்கை)

பதில்: எழுத ஆசைதான், ஐயா. ஆனால் வேலுநாச்சியார் சிவகங்கையை மீட்டது 1780ல். போட்டோ என்ற ஒன்று உலகத்துக்கு அறிவிக்கப்பட்டதே 1839ல். குயிலியைப் பற்றி நம்மிடம் இருப்பது சொல்வழக்கும் சிலையும்தான். சிலையில் முகம் சிற்பி கொடுத்தது.

படம் இருக்கிற நம் பெண்கள் வேண்டும் என்றால் நேதாஜி ராணுவத்தின் ஜான்சி ராணிப் படையைப் பாருங்கள். 1943 அக்டோபரில் சிங்கப்பூரில் அதன் முகாம் தொடங்கியது. தலைவி சென்னையில் டாக்டருக்குப் படித்த லட்சுமி சுவாமிநாதன். சேர்ந்தவர்களில் ரொம்பப் பேர் மலாயா ரப்பர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள். அவர்களுடைய பெற்றோர் கப்பலேறிப் போன ஊர்கள் எல்லாம் நம் பக்கத்திலும் இருக்கின்றன. இவர்கள் சமைக்கப் போனவர்கள் இல்லை, சீருடையும் துப்பாக்கியும் உள்ள சிப்பாய்கள். அதனால் சொல்தாதெராவோடு சேர்த்துக் கட்ட மாட்டேன்.

ஆனாலும் ஒரு விஷயம். நான் பார்த்த படங்கள் எல்லாம் அணிவகுப்பு. மடிப்புக் கலையாத உடுப்பு, நேரான வரிசை, நேதாஜி பார்வையிடுகிறார். 1945 ஏப்ரலில் ரங்கூனை விட்டுப் பின்வாங்கியபோது அந்தப் பெண்களில் ஒரு பகுதியினர் பாங்காக் பக்கம் ராத்திரி ராத்திரியாக, சேற்றில், ஆறு தாண்டி நடந்தார்கள். உங்கள் பக்கத்து வீடுகளில் யார் வீட்டிலாவது அந்தக் காலத்து மலாயாப் படம் இருந்தால், சட்டத்தைப் பிரித்துப் பின்பக்கம் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். தேதி, ஊர், பேர் எதுவாக இருந்தாலும் சரி. முன்பக்கத்தைவிட எனக்கு அதுதான் முக்கியம்.

கேள்வி: அதெலிதா படத்தைக் கலராக்கிப் போட்டிருக்கிறார்களே, அது அவள் புடவை நிறமா?
(பள்ளி மாணவன், பரவை)

பதில்: கம்ப்யூட்டர் குத்துமதிப்பாகப் போட்ட நிறம். அவள் கட்டியிருப்பது புடவையும் இல்லை, கண்ணு. பாவாடையும் மேலே சால்வையும்.

கேள்வி: தாத்தா காலத்துக் கண்ணாடி நெகட்டிவ் ஏழு கிடைத்தது. பூஞ்சை பிடித்திருக்கிறது. சோப்புப் போட்டுக் கழுவலாமா?
(வாசகர், சோழவந்தான்)

பதில்: ஐயோ, கழுவாதீர்கள்! மங்கலாக இருக்கிற பக்கம்தான் மருந்துப் பக்கம். தண்ணீர் பட்டால் அது உரிந்து வந்துவிடும். ஓரத்தை மட்டும் பிடியுங்கள். ஒவ்வொன்றையும் தனித்தனி காகித உறையில் போட்டு, பெட்டிக்குள் நட்டுக்குத்தலாக நிறுத்துங்கள். ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் கனத்தில் கீறல் விழும். பிளாஸ்டிக் கவர் வேண்டாம், வேர்க்கும். ஜன்னல் வெளிச்சத்தில் ஒரு வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடித்துப் போனில் படம் எடுத்து, நிறத்தைத் தலைகீழாக மாற்றிப் பாருங்கள். யார் என்று தெரிந்துவிடும். எங்கள் ஸ்டுடியோ பரணில் இருந்த பழைய பிளேட்டுகளை முதலாளி சோடா போட்டுக் கழுவி, வெறும் கண்ணாடியாகப் படச் சட்டக் கடைக்கு எடைக்குப் போட்டார். அந்தக் கண்ணாடிகள் இன்னும் மதுரையில் எத்தனையோ வீட்டில் சாமி படத்துக்கு முன்னால் இருக்கும்.

கேள்வி: அக்கா, போன இதழில் 'வெட்டுவதும் என் தொழில்' என்று பெருமையாக எழுதினீர்கள். ஒரு படத்தை வெட்டியதற்காக எப்போதாவது வருத்தப்பட்டதுண்டா?
(பெயர் வேண்டாம் என்று எழுதிய வாசகி, திருப்பரங்குன்றம்)

பதில்: உண்டு. 1987. உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பெரியவர் இறந்து பத்து நாள். மாலை போட்டு மாட்ட ஒரு பெரிய படம் வேண்டும். கொண்டுவந்தது ஒரு ஜோடிப் படம். நாற்காலியில் அவர், பக்கத்தில் நிற்கும் அவர் மனைவி. அந்த அம்மா அவருக்கு முன்பே போய்விட்டார். "கிழவர் மட்டும் போதும்" என்றார்கள்.

படம் சட்டத்துக் கண்ணாடியோடு ஒட்டிப் போயிருந்தது. அப்படியே வைத்து, அவரை மட்டும் கட்டி நகல் எடுத்தோம். ஆனால் அந்த அம்மாவின் கை அவர் தோளில் இருந்ததே. நாலு விரல், வெள்ளைச் சட்டை மேல். நெகட்டிவில் அந்த விரல்கள் இருந்த இடத்தைப் பென்சிலால் கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பி, சட்டை நிறத்துக்குக் கொண்டுவந்தேன். ஒரு முழு மத்தியானம் ஆயிற்று. முதலாளி லென்ஸ் வைத்துப் பார்த்துவிட்டு, "தெரியவே இல்லையே" என்றார். அன்றைக்கு எனக்கு அதில் கர்வம்தான். பழைய படத்தைச் சட்டத்திலிருந்து எடுக்கும்போது கண்ணாடியோடு கிழிந்து வந்தது. வீட்டாரும் கேட்கவில்லை, குப்பையில் போட்டோம்.

இருபது வருடம் கழித்து அந்த வீட்டுப் பேத்தி என்னைத் தேடிக்கொண்டு வந்தாள். பாட்டி படம் வேண்டும், வேறு எங்கேயும் இல்லை, அந்த ஒரு படத்தில்தான் இருந்தார்களாம் என்றாள். நடந்ததைச் சொன்னேன். கோபப்படுவாள் என்று நினைத்தேன். அவள் பையிலிருந்து தாத்தா படத்தை எடுத்து மேஜை மேல் வைத்து, "கை எங்கே இருந்துச்சு?" என்று கேட்டாள். படத்தை வெளிச்சத்துக்குச் சாய்த்தால், சட்டையின் நெசவு அந்த நாலு விரல் அகலத்துக்கு மட்டும் இருக்காது. கண்டுபிடித்துக் காட்டினேன். அந்த இடத்தை மட்டும் போனில் படம் எடுத்துக்கொண்டு போனாள்.